கூத்து ஜமாவா, கல்லூரியா, கோடம்பாக்கமா, கைபேசியா? தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து நடிக்கவும் எழுதவும் கற்க நினைப்பவர்களுக்கு

நடிப்போ, நாடகம் எழுதுவதோ, திரைக்கதையோ கற்க வேண்டும் என்று இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்து கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் ஒரு வருஷம் தவணை வாங்கி வைத்திருப்பவர். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே இதையும் செய்ய முடியுமா என்று யோசிப்பவர். நோட்டு நோட்டாக எழுதிவிட்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் பீரோவில் வைத்திருப்பவர். மூவரும் "எங்கே சேரலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். எதை வைத்து இடத்தை எடை போடுவது என்று யாரும் கேட்பதில்லை. அதை முதலில் பார்த்துவிடலாம்.

## எடைக்கற்கள்

ஆள் முன்னால் நிற்கும் நேரம். மற்ற நான்கையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. ஒரு வார இறுதி நடிப்பு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 30 பேர், 2 மணி நேரம். ஆளுக்கு 4 நிமிஷம் வரும். வாரம் இரண்டு வகுப்பு வீதம் மூன்று மாதத்தில் 24 வகுப்பு. நீங்கள் உண்மையில் நடித்தது 96 நிமிஷம். அதுவும் உங்களைப் போன்ற மாணவர்கள் முன்னால். எந்த இடத்துக்குப் போனாலும் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டு, பிறகு கட்டணத்தைக் கேளுங்கள்.

திருத்தும் ஆள். தவறை யார் சொல்வார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சொல்வார்? எழுத்துக்கு இது இன்னும் முக்கியம். நடிப்பவருக்குச் சனம் கொட்டாவி விட்டால் அங்கேயே தெரிந்துவிடும். எழுதியவருக்கு அப்படி உடனே எதுவும் தெரியாது.

முழுச் செலவு. கட்டணம் அதில் ஒரு பகுதி மட்டுமே. அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கும் அங்கேயுமான பஸ் காசு, விட்ட சம்பளம் எல்லாம் சேரும். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தை விட்டுவிட்டு, மாதம் 10,000 செலவழித்து ஆறு மாதம் சென்னையில் இருந்தால், கட்டணத்தைத் தொடாமலே 1,50,000 போய்விட்டது.

மொழி. எந்த மொழியில் சொல்லித்தருகிறார்கள், எந்த மொழியில் மேடையேறுவீர்கள் என்பது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்தாருக்கு இதில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வழி உண்டு. கீழே வருகிறது.

பாதியில் விட்டால் என்ன மிஞ்சும். சான்றிதழா, குழுவா, முடித்த ஒரு படமா, தொழிலா, கடனா?

## சேர்வதற்கு முன் ஒரு வாரப் பரீட்சை

காசு கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். புறநானூற்று 91ஆம் பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கனியின் பலனைத் தன் மனதுக்குள் அடக்கிக்கொண்டு, சொல்லாமல் கொடுத்தான் என்கிறாள் ஔவை. நாடகத்துக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைப்பது அரிது. ஒருவனுக்கு விஷயம் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு அதை எப்படித் தெரிவிப்பது?

கூத்தாக எழுதினால் சிக்கலே இல்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் "எதுக்கு ராஜா இந்தக் காய்க்கு இவ்வளவு பாடு?" என்று கேட்பான். அதியமான் ஒரு விருத்தம் பாடி ரகசியத்தைச் சபைக்கே சொல்லிவிடுவான். அடுத்த நிமிஷம் ஔவை வரும்போது வாயைத் திறக்கமாட்டான். மேடை நாடகமாக எழுதினால் விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்படுவார். படைத்தலைவனாக இருக்கட்டும். கொடுக்கக் கூடாது என்று கண்ணால் தடுக்க வேண்டும், ஆனால் பெரியவர் முன் பேசவும் முடியாது. திரைக்கு எழுதினால் வசனமே வேண்டாம். மலையேறியதில் கீறலான முழங்கை, மூடிய கை, திறக்கும் முன் ஒரு நொடித் தயக்கம் போதும்.

மூன்று விதமாகவும் மூன்று பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். எது தானாக ஓடிவந்தது, எதில் பேனா நின்றது என்று பாருங்கள். நடிக்க நினைப்பவர் எழுத வேண்டியதில்லை, மூன்றையும் நடித்துக் கைபேசியில் பதிந்து பார்த்தால் போதும். பாதிப் பேருக்குக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். சினிமாதான் வேண்டும் என்று வந்தவர், வசனம் பேசாத அந்த ஒரு நொடியை எழுதத் தெரியாமல் தவிப்பார். மேடைதான் என் உயிர் என்றவர் அதை அரை மணியில் முடித்துவிடுவார்.

## ஊர்க் கூத்து ஜமா

பங்குனி பிறந்தால் ஆடி முடிகிறவரை, இந்த இரண்டு மாவட்டத்திலும் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் எங்காவது பாரதம் நடந்துகொண்டே இருக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று நட்ட மரத்தில் ஏறுவது, கடைசிநாள் காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி என்று ஒரு சுற்று. இதில் ஆடும் ஜமாக்கள் என்னும் கூத்துக் குழுக்களும், ஊர்ப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பாடம் சொல்லி அரங்கேற்றும் வாத்தியார்களும்தான் இங்குள்ள மிகப் பழைய நடிப்புப் பள்ளி. பலர் இதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. சினிமாவுக்கு இது எதற்கு என்று நினைக்கிறார்கள். சென்னையில் 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியது தெருக்கூத்தின் தாக்கத்தில்தான். சினிமாவில் இன்று அறியப்படும் பசுபதி போன்றவர்கள் அங்கே பயின்றவர்கள்.

முதலில் நேரக் கணக்கு. கூத்து இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை போகும். சின்ன வேஷத்துக்கே 30, 40 நிமிஷம் களத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஒரு பருவத்தில் 20 இரவு கிடைத்தால் 600 முதல் 800 நிமிஷம். மேலே போட்ட 96 நிமிஷத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பது காசு கட்டிய சக மாணவர் கூட்டமும் இல்லை. பிடிக்காவிட்டால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும் சனம். அவர்களை விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி உட்கார வைக்கத் தெரிந்தவருக்கு வேறு தேர்வு தேவையில்லை.

படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். முதலில் திரை பிடிப்பது, பின்பாட்டுப் பாடுவது. பிறகு சேவகன், தோழி, அப்புறம் நகுல சகாதேவன். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் கட்டும் பெரிய வேஷம் வர வருஷங்கள் ஆகும். கட்டைகள் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. மரம் லேசானதுதான். ஆனாலும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு சலங்கையோடு கிறுகிறுவென்று சுற்றும்போது உடம்பு முன்னால் சாயும். பழகாதவர்கள் முழங்காலை மடக்காமல் சுற்றி மூட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மண் தரையில், முழங்கால் சற்று மடங்கியபடி, வெறும் சலங்கையோடு ஒரு மாதம் அடவு என்னும் ஆட்ட அசைவுகளைப் பழகிய பிறகே கட்டை கட்டுங்கள்.

தொண்டையும் அப்படித்தான். கூத்தில் சுருதி மேலே நிற்கும். ஆர்மோனியக்காரர் பெரிய வேஷக்காரருக்கு ஏற்ற சுருதிக் கட்டையில் பிடிப்பார், புதியவர் அதற்கு எட்டாமல் தொண்டையை நெரித்துக் கத்துவார். மூன்றாவது இரவில் குரல் உடையும். வயிற்றிலிருந்து காற்றைத் தள்ளிப் பாட வாத்தியார் சொல்லித்தரும் வரை வசனம் மட்டும் பேசும் வேஷம் கேட்டு வாங்குவது கௌரவக் குறைவல்ல. தலைக்கு மேலே தொங்கும் மைக் இப்போது எல்லாக் கூத்திலும் இருக்கிறது. அதன் கீழேயே நின்று பேசும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் நடமாட்டம் செத்துவிடும்.

எழுதுபவருக்கு இதில் என்ன கிடைக்கும்? எதிர்பார்ப்பதைவிட அதிகம். ஒரு பாத்திரம் திரைக்குப் பின் விருத்தம் பாடி, திரை விலகி, தரு என்னும் பாட்டுக்கு ஆடி, "நான் யார் தெரியுமா?" என்று கட்டியங்காரனிடம் வாய்கொடுத்துத் தன் கதையைச் சொல்கிறது. கதைக்கு முன் நடந்ததைப் பார்ப்பவருக்குச் சொல்வது எப்படி என்பதுதான் புதிதாக எழுதுபவரைத் திணறடிக்கும் இடம். கூத்து அதை ஒரு கோமாளியின் கேள்வியால் தீர்த்துவிட்டது. கட்டியங்காரன் பேசுவதில் பெரும்பகுதி எழுத்தில் இருக்காது. அன்றைய ஊர், அன்றைய சண்டை, முன்வரிசைக் கிழவி என்று அங்கேயே கட்டுவது. பத்து இரவு ஒரே நாடகத்துக்கு நோட்டோடு போய், எந்த வரிக்குச் சிரித்தார்கள், எந்த வரி ஊருக்கு ஊர் மாறியது என்று குறித்துவந்தால் எந்தத் திரைக்கதை வகுப்பும் தராத பாடம் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லாமல் விடக் கூடாது. தூக்கம் போகும். மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு 20 இரவு என்பது பெரிய விலை. கிடைக்கும் பங்குத் தொகை போக்குவரத்துக்கும் டீக்கும் சரியாகப் போகும். சில ஜமாக்களில் குடி உண்டு. பெண்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை, பெண் வேஷத்தையும் ஆண்கள் கட்டுவதுதான் வழக்கம். பெண்கள் ஆடும் குழுக்கள் இருந்தாலும் மிகக் குறைவு. ஊர், தெரு, சாதி என்ற கேள்வி கோயில் களத்திலும் வரும். அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கேமராவுக்கு நேராகப் போக நினைப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூத்தில் புருவம் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். குளோசப்பில் அதே புருவம் பயமுறுத்தும். ஒரு பருவம் ஆடியவருக்கு அதைக் குறைக்க மூன்று நான்கு மாதப் பழக்கம் வேண்டும். பெரிதாக இருப்பதைக் குறைக்கப் பழகலாம். இல்லாததைப் பெருக்குவதுதான் கடினம்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவதும், நோட்டீஸ், புகைப்படம், வாத்தியாரிடம் ஒரு கடிதம் எடுத்து வைப்பதும் யாருக்கும் தோன்றாத வேலைகள். அடுத்த பகுதியில் அவை தேவைப்படும்.

## பட்டமும் பட்டயமும்

தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு வருஷக் காட்சிக்கலைப் பட்டம் தருகிறது. இயக்கமும் திரைக்கதையும், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற பிரிவுகள் உண்டு. நடிப்பு கற்க நினைத்து அங்கே விண்ணப்பிப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்திருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும். எழுதி இயக்க நினைப்பவருக்கு, அரசுக் கட்டணத்தில் கருவிகளும் கூட்டாளிகளும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். பிளஸ் டூ படிக்கும்போதே தயாராக வேண்டும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துக்கலைத் துறையில் இரண்டு வருஷ முதுகலை நாடகப் படிப்பு இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கிய இடம். ஏதேனும் ஒரு பட்டம் முடித்தவருக்கானது, சேர்க்கை மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வழி. நடிப்பு, இயக்கம், ஒளி, அரங்க அமைப்பு, எழுத்து எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியிருக்கும். மேடைக்கே வாழ்க்கை என்று முடிவு செய்தவருக்கும், பிற்பாடு கற்பிக்கப் போக நினைப்பவருக்கும் இதைவிடப் பக்கத்தில் வேறு இல்லை. ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ஒரே நெடுஞ்சாலை.

பெங்களூரில் தேசிய நாடகப் பள்ளியின் மையம் இருக்கிறது. தென் மாநில மாணவர்களுக்கான ஒரு வருஷ நடிப்புப் பயிற்சி, தங்கிப் படிப்பது, 20 பேர் மட்டும். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான் என்று தினமும் போய் வரத் திட்டமிட வேண்டாம், காலை முதல் இரவு வரை வேலை வைப்பார்கள். டெல்லியில் உள்ள தலைமைப் பள்ளியின் மூன்று வருஷப் படிப்புக்குப் பட்டமும், குறைந்தது 6 நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் கேட்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த ஆறில்தான். ஒரு பருவம் கூத்து, கல்லூரி ஆண்டு விழா நாடகம், தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்க (தமுஎகச) கிளையின் வீதி நாடகம் என்று சேர்த்தால் ஆறு வந்துவிடும். ஆனால் ஆதாரம் வேண்டும். அந்த நோட்டீசும் படமும் கடிதமும் இதற்குத்தான். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாருங்கள்.

வீட்டில் கன்னடம் பேசும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தாருக்கான வழி ஹெக்கோடு. கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். 1949இல் கே.வி. சுப்பண்ணா தொடங்கிய நீநாசம் அங்கே 1980 முதல் நாடகப் பள்ளி நடத்துகிறது. ஒரு வருஷப் பட்டயம், முழுக்கக் கன்னடத்தில். பேச மட்டும் தெரிந்து படிக்கத் தெரியாதவர் சேர்வதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்துக் கூட்டிப் பழகிவிட வேண்டும். முதல் வாரமே நாடகப் பிரதியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் விழிக்கக் கூடாது.

இந்தப் படிப்புகளின் மறைமுக விலை காலம். மூன்று, நான்கு வருஷம் முடித்து வரும்போது வயது கூடியிருக்கும், வீட்டில் பொறுமை குறைந்திருக்கும். பாதியில் விட்டால் கையில் ஒன்றுமில்லை. முடித்தால் பட்டமும், அதைவிடப் பெரிதாகக் கூடப் படித்தவர்களும் இருப்பார்கள். பின்னாளில் வாய்ப்புக்கு அழைப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

## சென்னையின் தனியார் பள்ளிகள்

நல்லவை உண்டு. அடையாளம் காண நான்கு கேள்விகள் போதும். ஒரு அணியில் எத்தனை பேர்? விளம்பரத்தில் முகம் போட்டிருப்பவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பெடுப்பார்? பயிற்சி முடிவதற்குள் வெளியார் பார்க்க எத்தனை நிகழ்ச்சி? ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளும் பெற்றோரும் ஐந்தாவதையும் கேட்கலாம். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். குழுவில் யார் யார் என்ற கேள்விக்குப் பெயர்ப் பட்டியல் வருகிறதா, முகச்சுளிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

"படத்தில் சான்ஸ் வாங்கித் தருவோம்" என்ற வாக்குறுதியும், ஆடிஷனுக்கு என்று தனியாகக் காசும், அவர்கள் சொல்லும் ஸ்டுடியோவில்தான் போட்டோ எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்து வந்தால் அது நடிப்புப் பள்ளி இல்லை. நடிகரைத் தேர்வு செய்ய அழைக்கிறவர் நடிகரிடம் காசு கேட்பதில்லை.

இது யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே ஓரளவு மேடை ஏறியவர், கேமராவுக்கு ஏற்பக் குறைத்து நடிக்க, டேக்குக்கு டேக் அதே வார்த்தையில் அதே கையை அசைக்க, தரையில் ஒட்டிய குறியில் குனிந்து பார்க்காமல் வந்து நிற்க, மூன்று மாதம் பழக நினைத்தால் நல்ல செலவு. முதல் காலடியே இதுவாக இருந்தால் 96 நிமிஷக் கணக்குத்தான்.

## உதவி இயக்குநராகச் சேர்வது

கட்டணம் இல்லை. முதல் படத்தில் சம்பளமும் பெரிதாக இருக்காது, படப்பிடிப்பு நாளில் சாப்பாடும் தினப்படியும்தான். கிளாப் அடிப்பது, கன்டினியூட்டி (காட்சித் தொடர்ச்சி) குறிப்பது, எந்தக் காட்சிக்கு எந்தச் சட்டை என்று பட்டியல் வைப்பது, கதை டிஸ்கஷனில் வாயை மூடி உட்கார்ந்து கேட்பது. எழுத்தைப் பற்றி டிஸ்கஷன் அறையில் கற்பது நிறைய. பத்து நாள் உழைத்த காட்சி ஒன்று, லொக்கேஷன் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அரை மணியில் மாறுவதைப் பார்த்தவருக்குத் தன் எழுத்தின்மேல் மூர்க்கமான பாசம் இருக்காது.

ஆனால் ஒரு படம் தொடங்கி வெளிவர இரண்டு வருஷம் ஆகலாம். நடுவில் நின்றும் போகலாம். சென்னையில் அந்த இரண்டு வருஷம் சாப்பிட வேண்டும். வெறும் கையோடு போய்க் கேட்பவரைவிட, ஐந்து நிமிஷமே ஆனாலும் முடித்த ஒரு குறும்படத்தோடு போகிறவரைத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆகவே கீழுள்ள வழி முதலில்.

## கைபேசியும் நான்கு கூட்டாளிகளும்

ஷிப்ட் வேலைக்காரருக்கும் எழுதுபவருக்கும் இதுதான் முதல் வழி என்பது எங்கள் கருத்து. வார ஓய்வு ஒத்துவரும் நான்கு பேர், ஐந்து நிமிஷக் கதை, ஆறு காட்சிக்கு மேல் வேண்டாம், இரண்டு நாள் படப்பிடிப்பு.

கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடங்களில்தான். முதலாவது ஒலி. படம் சுமாராக இருந்தால் பொறுப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் மூடிவிடுவார்கள். சட்டைக்குள் ஒட்டும் சின்ன காலர் மைக் ஒன்று வாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பொருத்துங்கள். அதை இரண்டாவது கைபேசியில் பதிந்து, ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒரு கைத்தட்டு. படத்தையும் ஒலியையும் பிறகு அந்தத் தட்டில் பொருத்தலாம். கிளம்பும் முன் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதியுங்கள், வெட்டுகளுக்கு நடுவே நிரப்ப அது வேண்டும். சிமெண்ட் கூரை வீட்டில் எதிரொலிக்கும். கேமராவுக்குத் தெரியாத சுவர்களில் போர்வை தொங்கவிட்டால் பாதி அடங்கும்.

இரண்டாவது டியூப்லைட் படபடப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவை நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று கையால் அமைத்தால் படபடக்காது. தானியங்கியில் விட்டால் படபடக்கும். மூன்றாவது வெயில். மாந்தோப்பு அழகாக இருக்கிறதென்று மதியம் எடுத்தால் இலை நிழல் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும். மாலை நாலரைக்குப் பிறகு எடுங்கள். ஒகேனக்கல் கனவு இருந்தால் அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் பாதிப் படத்தில் கருவியைக் கட்டச் சொல்வார்கள். பெரிய செலவு சாப்பாடு. எட்டு பேருக்கு இரண்டு நாள் மூன்று வேளை என்பது 48 சாப்பாடு. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் யூடியூபில் உரிமைக் கோரல் வரும். தெரிந்த ஒருவரைத் தப்பிலோ புல்லாங்குழலிலோ வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.

திரைக்கதையைப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பார்ப்பது, வலப்பக்கம் கேட்பது என்று எழுதும் பழைய தமிழ் வழக்கம் புதியவர்களுக்கு மிக நல்லது. இடப்பக்கம் வெறுமையாக இருந்தால் நீங்கள் எழுதியது வானொலி நாடகம் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்ற கணக்கு ஆங்கிலத் தட்டச்சுக்கானது, தமிழுக்கு ஒத்துவராது. கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்து அளக்க வேண்டும்.

இந்த வழியின் ஓட்டை, திருத்துவதற்கு ஆள் இல்லாதது. நண்பர்கள் "சூப்பர்டா" என்பார்கள். கதை தெரியாத பத்து பேருக்குப் போட்டுக் காட்டி, முடிந்ததும் "கதை என்ன?" என்று மட்டும் கேளுங்கள். ஆளுக்கொரு கதை சொன்னால் எழுத்தில் குறை. எல்லோரும் சரியாகச் சொல்லி, யாரும் எதையும் உணரவில்லை என்றால் நடிப்பில் குறை.

## ஒரே பார்வையில்

| வழி | ஆள் முன் நேரம் | யார் திருத்துவார் | மறைமுக விலை | யாருக்கு |
|---|---|---|---|---|
| கூத்து ஜமா | மிக அதிகம் | வாத்தியார், சனம் | தூக்கம், தொண்டை, மூட்டு | நடிக்க வரும் ஆண்கள். நோட்டோடு வரும் எழுத்தாளர் எவரும் |
| தரமணி | குறைவு | ஆசிரியர்கள் | நான்கு வருஷம் | பிளஸ் டூ முடித்து எழுதி இயக்க நினைப்பவர் |
| புதுச்சேரி, பெங்களூர், ஹெக்கோடு | அதிகம் | ஆசிரியர்கள், இயக்குநர்கள் | வேலையை விட வேண்டும் | மேடையை வாழ்க்கையாக்குபவர் |
| தனியார் பள்ளி | கணக்குப் போடுங்கள் | பயிற்சியாளர் | வாடகை, விட்ட சம்பளம் | மேடை ஏறிவிட்டுக் கேமராவுக்கு வருபவர் |
| உதவி இயக்குநர் | இல்லை | இயக்குநர், கோபமாக | வருஷங்கள் | குறும்படம் முடித்தவர் |
| கைபேசி | நீங்கள் காட்டும் அளவு | கிட்டத்தட்ட யாரும் இல்லை | சாப்பாடு, தற்பெருமை | ஷிப்ட் வேலைக்காரர், எழுதுபவர், இரவில் வெளியே போக முடியாத பெண்கள் |

## பீரோவில் நோட்டு வைத்திருப்பவருக்கு

"கதையைக் காட்டினால் திருடிவிடுவார்கள்" என்ற பயத்தில் யாரிடமும் காட்டாமலே பத்து வருஷம் போனவர்கள் இருக்கிறார்கள். எழுதி முடித்த நொடியிலேயே எழுத்துக்குக் காப்புரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, வழக்கு வந்தால் சான்றாக உதவும். மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாக இணையவழியே பதியலாம், கட்டணம் 500 ரூபாய்.

ஆனால் பதிவு எதைக் காக்கும் என்பதில் தெளிவு வேண்டும். தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று ஒரு நாடகாசிரியர் தொடுத்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கருவுக்குக் காப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட விதத்துக்கே உண்டு. அந்த ஆசிரியர் தோற்றார். "அதியமான் கதையை வைத்து ஒரு படம்" என்ற நான்கு வரியைப் பதிந்து பயனில்லை. காட்சி காட்சியாக, வசனத்தோடு எழுதி முடித்ததைப் பதியுங்கள். வாயால் கதை சொல்லப் போகும் முன் அந்தப் பிரதியை உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள், யாரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

## இப்போது என்ன மாதம்?

ஐப்பசி முதல் மாசி வரை என்றால் கூத்துக் களம் ஓய்ந்திருக்கும். வாத்தியார்கள் ஊரில் இருக்கும் காலம், பாடம் கேட்கப் போக இதுதான் நேரம். போகும்போது வெற்றிலை பாக்கோடு போங்கள், கேள்விப் பட்டியலோடு வேண்டாம். பங்குனி, சித்திரை என்றால் பக்கத்து ஊர்ப் பாரதத்தில் திரௌபதி துகிலுரிதல் கூத்து அன்றும் படுகளத்தன்றும் முழு இரவு உட்காருங்கள். சேர்வதா வேண்டாமா என்று விடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். கோடையில்தான் பல நிறுவனங்களின் சேர்க்கை அறிவிப்புகள் வரும். புகைப்படம், நோட்டீஸ், வாத்தியார் கடிதம் எல்லாம் அதற்கு முன் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஆவணியில் காற்று அடங்கிய பிறகு குறும்பட வேலையை எடுத்துக்கொள்ளலாம். ஆடிக் காற்றில் மைக்கில் வேறெதுவும் பதியாது.